சுரணை இல்லாத தேமல்: பிள்ளைகளுக்கு வரும் தொழுநோய்

பிள்ளையின் கன்னத்தில் வெளுப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் நம் வீடுகளில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: வயிற்றில் பூச்சி. பூச்சி மாத்திரை கொடுப்பார்கள். போகவில்லையென்றால் கால்சியம் குறைவு. அதற்கும் போகவில்லையென்றால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு படை மருந்து. பெரும்பாலும் இதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. பிள்ளைகளுக்கு வரும் வெளுத்த திட்டுகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரணமானவை, தாமாகவே மறைபவை. பூச்சிக்கும் கன்னத்து வெளுப்புக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் மட்டும் பாட்டிமார் யாரும் நம்புவதில்லை.

அந்தச் சாதாரணத் திட்டுகளுக்கு நடுவே எப்போதாவது ஒன்று தொழுநோயாக இருக்கும். பார்ப்பதற்கு மற்றவற்றைவிடப் பரமசாதுவாக இருக்கும். அரிக்காது, வலிக்காது, செதில் உதிராது. அதனால்தான் தப்பிவிடுகிறது.

நானும் அப்படி ஒன்றைத் தப்பவிட்டிருக்கிறேன். அரசுப் பள்ளி ஒன்றில் மருத்துவ முகாம். ஐந்தாம் வகுப்புப் பையன், முழங்கைக்குச் சற்றுக் கீழே பழைய எட்டணாக் காசு அகலத்தில் ஒரு திட்டு. பின்னால் இன்னும் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படைக்கான களிம்பு எழுதிக் கொடுத்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து அவன் அம்மா அவனை சுகாதார நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தார். "மூணு ட்யூப் போட்டாச்சு மேடம். குறையவும் இல்ல, அரிக்கவும் இல்ல. பெருசாத்தான் ஆகுது." அரிக்கவும் இல்லை என்ற அந்தச் சொல்லை முகாமிலேயே நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பையனிடம் திரும்பி வருகிறேன்.

அதெல்லாம் ஒழிந்துபோன நோயல்லவா?

படித்தவர்களே இப்படிக் கேட்பார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2005 டிசம்பரில் இந்தியா தொழுநோயை 'ஒழித்துவிட்டதாக' அறிவித்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. பத்தாயிரம் பேரில் சிகிச்சையில் இருப்பவர் ஒருவருக்கும் குறைவாக இருந்தால், பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நோய் நீங்கிவிட்டதாகக் கொள்வது. நோயே இல்லை என்பது அதன் பொருளல்ல. தவிர, ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை முடிந்ததும் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். ஒரு நாளில் எண்ணிப் பார்க்கும்போது பட்டியல் சிறியதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது என்பது வேறு கேள்வி. 2023-ல் உலகம் முழுக்கப் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1,82,815 பேர். இந்தியாவில் மட்டும் 1,07,851. உலகக் கணக்கில் 10,322 பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

இந்தியாவில் புதிய நோயாளிகளில் பிள்ளைகளின் பங்கு 2014-15-ல் 9 சதவீதத்தைத் தொட்டிருந்தது. பத்தாண்டில் அது 5-க்குக் கீழே வந்திருக்கிறது. இலங்கையில் மொத்த எண்ணிக்கை சிறியது, ஆனால் பிள்ளைகளின் பங்கு அங்கே பல ஆண்டுகளாகப் பத்து சதவீதத்தை ஒட்டியே நின்றிருக்கிறது. மொத்த எண்ணிக்கை இருக்க, பிள்ளைகளின் பங்கை ஏன் இப்படித் தனியாக நோண்டிப் பார்க்கிறார்கள்? அதற்குக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

அவசரமே இல்லாத கிருமி

1873-ல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன் என்ற மருத்துவர் இந்தக் கிருமியைக் கண்டார். அதற்கு முன்பு இது பரம்பரை நோய், பாவத்தின் பலன் என்றெல்லாம் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் லெப்ரே. காசநோய்க் கிருமியின் உறவுக்காரன்.

இதன் விசேஷம் சோம்பல். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். தொழுநோய்க் கிருமி ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. அதன் மரபணுத் தொகுதியை 2001-ல் முழுதாகப் படித்தபோது, வேலை செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600-தான் என்று தெரிந்தது. உடைந்து செயலிழந்து கிடந்தவை 1,100-க்கும் மேல். தனியாகக் குடித்தனம் நடத்தத் தெரியாத கிருமி இது. வேறோர் உயிரின் உடம்பில் உயிரணுவுக்குள் போய் உட்கார்ந்தால்தான் பிழைப்பு. ஆய்வுக்கூடத் தட்டில் இதை வளர்க்க இன்றுவரை யாராலும் முடியவில்லை.

இந்தச் சோம்பலால்தான் கிருமி உள்ளே நுழைந்ததற்கும் முதல் தேமல் தெரிவதற்கும் சராசரியாக ஐந்து வருடம் ஆகிறது. சிலருக்கு ஒரே வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகலாம். கைக்குழந்தையிடம் இந்நோயை மிக அரிதாகவே பார்க்கிறோம். ஐந்து வயதுக்கு மேல், குறிப்பாகப் பத்திலிருந்து பதினான்குக்குள் அதிகம். கிருமி நுழைந்தது அதற்கு வெகு முன்பே, பாட்டி தாத்தாவோடு ஒட்டிப் படுத்துத் தூங்கிய வயதில்.

பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது இங்கேதான் புரியும். ஐம்பது வயதுக்காரருக்கு நோய் தெரிந்தால், எந்த ஊரில், எந்தக் காலத்தில் தொற்றியது என்று சொல்லவே முடியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தால் கதை சுருங்கிவிடுகிறது. தொற்றியது கடந்த ஒன்பது வருடத்துக்குள், அவன் புழங்கிய சில வீடுகளுக்குள். அந்த வீடுகளில் ஒன்றில் சிகிச்சை எடுக்காத ஒரு பெரியவர் இருந்திருக்கிறார், ஒருவேளை இப்போதும் இருக்கிறார். ஒரு நாட்டில் தொற்று நின்றுவிட்டதா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோலே பிள்ளைகள்தாம். தொடர்ந்து ஐந்தாண்டுகள் உள்நாட்டில் தொற்றிய புதிய பிள்ளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதற்குமேல் மூன்றாண்டுகள் எந்த வயதிலும் புதியவர் இருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் தேறிய முதல் நாடு என்று 2024-ல் ஜோர்டான் அறிவிக்கப்பட்டது.

இந்தக் கணக்கில் எனக்கொரு குறை உண்டு. பதினைந்து நிரம்பியதும் பெரியவர் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பெண்ணும் அறுபது வயதுக் கொத்தனாரும் ஒரே கட்டத்தில். வளரிளம் பருவத்துக்கென்று உள்ள சிக்கல்கள் அந்தக் கட்டத்துக்குள் காணாமல் போகின்றன.

எப்படித் தொற்றுகிறது

கை குலுக்கினால் ஒட்டிக்கொள்ளாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் வராது. தட்டு, டம்ளர், பாய் எதனாலும் வராது. நிறையக் கிருமியுள்ள, மாத்திரை எடுக்காத ஒருவர் தும்மியும் இருமியும் மூக்கு வழி வெளியேற்றும் கிருமி, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் அருகிலேயே வாழ்பவரின் மூச்சில் கலப்பதால் வருகிறது என்பதே இன்றைய புரிதல். அப்படியே நுழைந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதை முடித்துவிடும். பிறந்ததும் போடும் பிசிஜி தடுப்பூசி காசநோய்க்கென்று வந்தது. தொழுநோய்க்கும் ஓரளவு காவல் தருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸில் கூலியன் என்றொரு தீவு. 1906 முதல் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் அங்கே குடிவைத்தார்கள். அங்கு பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்த கொடுமையும் நடந்தது. அந்தத் தீவின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்த மருத்துவர்கள், மருந்தே இல்லாத காலத்தில், ஆரம்பத் தேமல்களில் நான்கில் மூன்று பங்கு தாமாகவே ஆறியதைப் பதிவு செய்தார்கள். இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. 'அப்ப மருந்து வேணாமா' என்று கேட்பார்கள். வேண்டும். எந்தத் தேமல் ஆறும், எது நரம்பைத் தின்னும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. நம்மூரில் ஏதோ ஓர் எண்ணெயோ சூரணமோ 'குஷ்டத்தையே குணமாக்கியது' என்று பேர் வாங்கியதன் ரகசியம் மட்டும் இதில் தெரிந்துவிடும்.

பேனாவும் பையனும்

நம் தோலின் நிறத்தில் தொழுநோய்த் தேமல் சற்று வெளிறியோ செம்பு நிறத்திலோ தெரியும். பால் வெள்ளையாக இருந்தால் அது வெண்புள்ளி, இது அல்ல. பிறந்ததிலிருந்தே இருந்தால் மச்சவகை. வட்டமாகச் சிவந்து அரித்தால் படர்தாமரை. மார்பிலும் முதுகிலும் பொடிப்பொடியாக, நகத்தால் சுரண்டினால் தவிடுபோல் உதிர்ந்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் தேமல். இரு கன்னத்திலும் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் வறண்ட சருமம். தொழுநோய்த் தேமலின் மேல் முடி உதிர்ந்திருக்கலாம். விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வியர்த்திருக்க, அந்த இடம் மட்டும் உலர்ந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே சுரணை இருக்காது. 'உணர்ச்சியற்ற தேமல்' என்று சுகாதார நிலையச் சுவர்களில் எழுதியிருப்பது அதைத்தான்.

சுரணையைச் சோதிப்பது பெரியவர்களிடம் எளிது. பிள்ளைகளிடம் அது ஒரு கலை. முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். பையனைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தொட்டுத் தொட்டு "உறைக்குதா? உறைக்குதா?" என்று கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் "ம்" என்றான். பேனாவை எடுத்துவிட்டுச் சும்மா கேட்டேன். அதற்கும் "ம்". டாக்டரம்மா கேட்டால் ஆமாம் சொல்ல வேண்டும் என்பது அவன் படித்த பாடம்.

அப்புறம் எங்கள் மேற்பார்வையாளர் வந்தார். முப்பது வருடமாக ஊர் ஊராகத் தேமல் தேடி நடந்தவர். "வாடா தம்பி, ஒரு வெளையாட்டு" என்று பையனை ஸ்டூலில் உட்கார வைத்தார். கேள்வியே கேட்கவில்லை. முதலில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லி, நல்ல தோலில் பேனா முனையை மெல்ல வைத்தார். "நான் தொட்ட எடத்த நீ உன் வெரலால தொடணும். அவ்ளோதான்." நாலைந்து முறை பழகியதும் கண்ணை மூடச் சொன்னார். மணிக்கட்டில் தொட்டார், விரல் சரியாக அங்கே வந்தது. தோளில் தொட்டார், வந்தது. சற்று நேரம் தொடாமலே இருந்தார். பையனும் சும்மா இருந்தான், ஏமாறவில்லை. பிறகு திட்டின் நடுவில் வைத்தார். விரல் வரவில்லை. இன்னொரு முறை. வரவில்லை. "என்ன சார், தொடவே மாட்டேங்கிறீங்க?" என்று பையன் கேட்டான், பேனா தோலின்மேல் இருக்கும்போதே. அவன் அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

தேமலில் திட்டவட்டமாகச் சுரணை இல்லையென்றால் நோயை உறுதி செய்ய அதுவே போதும். வேறு இரண்டு வழிகளும் உண்டு. ஒன்று, தடித்துப்போன நரம்பு, கூடவே அந்த நரம்பு போகும் இடத்தில் மரமரப்போ பலவீனமோ. மற்றது, காது மடலில் மெல்லிய கீறல் போட்டு எடுத்த திரவத்தில் கிருமி தெரிவது. ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது.

இந்தப் பேனா விளையாட்டுக்கு எல்லைகள் உண்டு. முகத்தில் நரம்புகள் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதால் அங்கே நோய்த் தேமலிலும் சுரணை மிச்சமிருக்கும். நாலைந்து வயதுக்குக் கீழே பிள்ளை ஒத்துழைக்காது. மிக ஆரம்ப நிலையில் சுரணை லேசாகத்தான் குறைந்திருக்கும். அப்போது தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். வீட்டில் நீங்கள் பேனாவை வைத்துப் பார்த்து 'உணர்ச்சி இருக்கு' என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தேமல் எங்கேயும் இருக்கலாம். பின்புறத்திலும் தொடையிலும் இருந்தால் டிரவுசரும் பாவாடையும் மறைத்துவிடும். பள்ளி முகாமில் சட்டையைத் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்தினால் அது தப்பிவிடும். மறைவான இடத்தில், தாயையோ பெண் செவிலியரையோ அருகில் வைத்துக்கொண்டு, உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும். வளர்ந்த பெண்பிள்ளைகள் இதற்கு மறுப்பது இயல்பு. கட்டாயப்படுத்தினால் அடுத்த முகாமுக்கு அவள் லீவு போட்டுவிடுவாள்.

விரல் ஏன் மடங்குகிறது

முழங்கையின் உட்புறம் கதவில் இடித்தால் சுண்டுவிரல் வரை ஷாக் அடித்ததுபோல் சுளீரென்று ஓடுமே, அங்கே தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு போகிறது. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். உடம்பின் உட்பகுதியைவிடத் தோலும், மூக்கும், காது மடலும், இப்படி மேலோட்டமாக ஓடும் நரம்புகளும் சற்றுக் குளிர்ந்தவை. கிருமி அங்கே போய்த் தங்குகிறது. அதை எதிர்க்க உடம்பு நடத்தும் சண்டையில் நரம்பு வீங்கி, தடித்து, பட்டுப்போகிறது.

முழங்கை நரம்பு போனால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கும். பிள்ளையிடம் இது முதலில் தெரிவது நோட்டுப் புத்தகத்தில்தான். எழுத்து கோணலாகும், சட்டைப் பொத்தான் போட நேரம் பிடிக்கும். முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பு போனால் பாதம் தொங்கும். அதற்கு முன்பே காலில் செருப்பு நிற்காது. நடந்துகொண்டே இருப்பான், ஒரு செருப்பு பின்னால் கிடக்கும், கழன்றதே அவனுக்குத் தெரியாது. 'புதுச் செருப்பத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறான்' என்று அடி வாங்கிய பிள்ளைகள் உண்டு. முக நரம்பு போனால் தூங்கும்போதும் கண் முழுதாக மூடாது.

விரல்கள் அழுகி விழும் என்பது நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் பொய். 1940-களின் பிற்பகுதியில் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இதைக் கூர்ந்து கவனித்தார். சதையை நோய் தின்பதில்லை. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது, வெந்த புண்ணோடே வேலை செய்கிறது, புண் சீழ் பிடித்து எலும்பு தேய்கிறது. வலிதான் விரலுக்குக் காவல். பைக் சைலன்சரில் கால் சுட்டு, மாலையில் அம்மா பார்த்துச் சொல்லும்வரை பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால், அந்தக் காயத்துக்கு மட்டும் மருந்து போட்டு அனுப்பாதீர்கள். மடங்கிய விரலை நிமிர்த்த தசைநாணை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை பிராண்ட் அங்கேதான் வளர்த்தெடுத்தார். வேலூருக்குப் பக்கத்துக் கரிகிரியிலும் செங்கல்பட்டை அடுத்த திருமணியிலும் 1950-களில் இதற்கென்றே ஆய்வு நிலையங்கள் எழுந்தன. இந்த நோயின் வரலாற்றில் நம்மூர்ப் பெயர்கள் அடிக்கடி வரும்.

அட்டையும் மாத்திரையும்

சிகிச்சை இலவசம், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். ரிஃபாம்பிசின், டாப்சோன், கிளோஃபசிமின் என்று மூன்று மருந்துகள். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. அதற்கு முன் டாப்சோன் மட்டும்தான், அதுவும் வருடக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுக்க. தேமல் ஐந்துக்குள் இருந்து கிருமியும் தெரியாவிட்டால் ஆறு மாதம். அதற்கு மேல் இருந்தாலோ கிருமி தெரிந்தாலோ பன்னிரண்டு மாதம். ஆறு மாத வகைக்கு முன்பெல்லாம் இரண்டு மருந்துதான். 2018 முதல் மூன்றும் கொடுக்கலாம் என்று பரிந்துரை மாறியது, இந்தியாவும் அண்மையில் அதற்கு மாறிவிட்டது. பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆறு மாத வகைதான்.

இருபத்தெட்டு நாளுக்கு ஓர் அட்டை. மாதத்தின் முதல் மாத்திரைகளைச் செவிலியர் எதிரிலேயே விழுங்க வேண்டும், மீதி வீட்டில். பத்து முதல் பதினான்கு வயதுவரை பிள்ளைகளுக்கான தனி அட்டை. அதற்கும் சிறியவர்களுக்கு எடை பார்த்து அளவு போடுவார்கள். பெரியவர் அட்டையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது சரியான கணக்கு ஆகாது. முதல் வேளையிலேயே கிருமிகளில் மிகப் பெரும்பான்மை செத்துவிடுவதால் அதற்குமேல் யாருக்கும் தொற்றாது. ஆகவே பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள்கூட லீவு தேவையில்லை.

இரண்டு விஷயங்களை முதல் நாளே சொல்லிவிடுவேன். ரிஃபாம்பிசின் விழுங்கிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். கிளோஃபசிமின் தோலைக் கருக்க வைக்கும், வறளச் செய்யும். மருந்து முடிந்து சில மாதங்களில் நிறம் திரும்பும். இரண்டாவதை ஏழு வயதுப் பிள்ளை பொருட்படுத்தாது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது மலை. 'ஏன்டி இப்படிக் கறுத்துட்ட' என்று வகுப்பில் ஒருத்தி கேட்டால் போதும், அட்டை பீரோவுக்குப் பின்னால் போய்விடும். மருந்தைப் பாதியில் விடும் வளரிளம் பருவத்தினரிடம் கேட்டால் மறதி என்பார்கள். அது பெரும்பாலும் மறதி அல்ல. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வதோடு, எந்த மாதத்தில் நிறம் திரும்பத் தொடங்கும் என்று காலண்டரில் காட்டிச் சொன்னால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை டாப்சோனுக்கு. முதல் சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கண் மஞ்சள் என்று எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். அரிதுதான், ஆனால் ஆபத்தானது.

சிகிச்சைக்கு நடுவிலோ முடிந்த பிறகோ, அடங்கியிருந்த தேமல் திடீரென்று சிவந்து வீங்கலாம். முழங்கையில் நரம்பு வலிக்கலாம். இதை 'ரியாக்‌ஷன்' என்போம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். செத்த கிருமிகளோடு உடம்பு போடும் சண்டை அது. மாத்திரை தொடர வேண்டும், கூடவே சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு தேவைப்படும். தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகப் போய்விடும். பிள்ளைகளுக்கு இது பெரியவர்களைவிடக் குறைவாகவே வருகிறது.

வீட்டுக்குப் போனபோது

பையனுக்கு அட்டை கொடுத்த வாரமே அவன் வீட்டுக்குப் போனோம். அம்மாவிடம் தேமல் இல்லை, அப்பாவிடம் இல்லை. திண்ணையில் தாத்தா பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவர் உடம்பிலும் ஒரு தேமல்கூட இல்லை. மேற்பார்வையாளர் மட்டும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஐயா, கையக் கொடுங்க" என்றார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே வரிசையாகச் சின்னச் சின்னத் தழும்புகள். பீடி கடைசிவரை எரிந்து விரலைச் சுட்டும் அவருக்குத் தெரியாமல் போனதன் கணக்கு அது. காது மடல் தடித்திருந்தது. புருவத்தின் ஓரம் உதிர்ந்திருந்தது. முகம் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தது. "வயசாச்சு இல்ல" என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கிருமி நிறைய உள்ள வகை இப்படித்தான் தேமலே இல்லாமல் தோல் முழுக்கப் பரவியிருக்கும். தேமலை மட்டும் தேடுகிறவர்கள் இவர்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். பையன் பிறந்ததிலிருந்து தாத்தா பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறான்.

தாத்தாவுக்குச் சிவப்பு அட்டை, பன்னிரண்டு மாதம். பையனுக்கு நீல அட்டை, ஆறு மாதம். "எனக்கு ஆறுதான், ஒனக்குப் பன்னண்டு" என்று அவன் தாத்தாவிடம் பெருமையடித்துக்கொண்டதாக அம்மா சொன்னார்.

வீட்டில் மற்றவர்களைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று தெரிந்தால் ரிஃபாம்பிசினை ஒரே ஒரு வேளை கொடுப்பது இப்போது வழக்கம். வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வொன்றில் இந்த ஒற்றை வேளை மருந்து அடுத்த இரண்டாண்டில் நோய் வருவதைப் பாதிக்கு மேல் குறைத்தது. இரண்டு வயது நிரம்பிய பிள்ளையிலிருந்து கொடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கும், காசநோய் சந்தேகம் உள்ளவர்களுக்கும், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கொடுப்பதில்லை. அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கும்போது யாருக்கு நோய் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசலில் நின்று 'தோல் பரிசோதனை முகாம்' என்று சொன்னால் போதும். பெயர் வெளியே போனால் அந்தத் தெருவில் அடுத்த தேமல் எங்களிடம் வராது.

பள்ளிக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. சொல்வதென்றால் குடும்பம் சம்மதித்து, தலைமையாசிரியரிடம் மட்டும். தொழுநோயாளிகளை அடைத்து வைக்க 1898-ல் வெள்ளையர் போட்ட சட்டம் 2016-ல்தான் நீங்கியது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற பிரிவு தனிநபர் சட்டங்களிலிருந்து 2019-ல்தான் எடுக்கப்பட்டது. சட்டமே இவ்வளவு தாமதமாக மாறிய ஊரில், வகுப்பறையில் நாலு பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தால் அவர்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்.

ஆறாவது அட்டை முடிந்த நாளில் பையனின் அம்மா அவன் கையைத் திருப்பிக் காட்டினார். "எல்லாம் முடிஞ்சுது மேடம். ஆனா வெளுப்பு அப்படியேதான இருக்கு?" இருக்கும். கிருமி போய்விட்டது, நிறம் மெல்லத் திரும்பலாம், தழும்புபோல் நிற்கவும் செய்யலாம். சுரணையும் முழுதாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. புதிதாகத் தேமலோ, விரலில் மரமரப்போ வந்தால் மட்டும் உடனே வரச் சொன்னேன். அவர் இடுப்பில் இரண்டு வயது நிரம்பாத தங்கை என் ஸ்டெதாஸ்கோப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லாருக்கும் அந்த ஒரு வேளை மாத்திரை கொடுத்தபோது அவள் வயது காணாததால் விட்டுப்போயிருந்தது. இனி வருடத்துக்கு ஒரு முறையாவது அவளை உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும்.

"இவளுக்கு ரெண்டு வயசு என்னிக்கு நெறையுதும்மா?"

"ஆடி பதினெட்டுக்கு மறுநாள் மேடம்."

நோட்டில் குறித்துக்கொண்டேன்.